சீட்டு மாறிய வௌவால்

2022 ஜூலையில் கொலம்பியாவின் சாந்தா மார்த்தா மலைத்தொடரில் ஒரு ரீங்காரச்சிட்டு மறுபடி மனிதக் கண்ணில் பட்டது. சாந்தா மார்த்தா சேபர்விங் என்று பெயர். மரகதப் பச்சை உடம்பு, தொண்டையில் பளீரென்ற நீலம், கருநீல வால். 1946க்குப் பிறகு 2010இல் ஒருமுறை படம் எடுத்தார்கள், உறுதியான பதிவு என்று இருந்தது அவ்வளவுதான். 2021 கடைசியில் சில பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து, தொலைந்துபோன பறவைகளில் முதலில் தேட வேண்டிய பத்து என்று ஒரு பட்டியல் போட்டபோது இதுவும் அதில் இருந்தது. யூர்கென் வேகா என்கிற பறவை நோக்கர் அன்றைய வேலையை முடித்துக் கிளம்பப் போகிற நேரத்தில், அதுவாகவே வந்து ஒரு கிளையில் உட்கார்ந்தது. அவர் படம் எடுத்தார். உலகம் முழுக்கச் செய்தி.

எங்கள் ஊர் வாட்ஸாப் குழு ஒன்றுக்கும் அந்தச் செய்தி வந்து சேர்ந்தது, 'அழிந்துபோன தேன்சிட்டு மீண்டும் கண்டுபிடிப்பு' என்று. படித்துவிட்டு ஒருவர், "இது எங்க வீட்டுச் செம்பருத்திக்குத் தெனமும் வருதே" என்று ஒரு ஊதாத் தேன்சிட்டின் படத்தைப் போட்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை. ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே எங்கும் கிடையாது. நம் தேன்சிட்டும் அதுவும் பூவில் தேன் குடிப்பதால் தோற்றத்தில் ஒன்றுபோல் ஆகிவிட்டனவே தவிர உறவுமுறை எதுவும் இல்லை. ரீங்காரச்சிட்டுக்கு நம்மூரில் பங்காளி யாரென்று தேடினால் உழவாரன்தான், கோயில் கோபுரத்தைச் சுற்றி அரிவாள்போல வெட்டிக்கொண்டு பறக்குமே அது. பத்திரிகைக்காரர்கள் கையில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஒட்டிய சீட்டு அப்படியே ஊரைச் சுற்றுகிறது.

இந்தக் கட்டுரை அந்தச் சீட்டைப் பற்றியது. கூடவே, அரிய உயிரைத் தேடிப் போகிற கதைகளைப் பற்றியது. அந்த வகை எழுத்தை நான் பதினைந்து வருஷமாக விரும்பிப் படிக்கிறேன். சமீப காலமாக அதில் ஏதோ ஒன்று எனக்கு இடிக்கிறது. என்ன இடிக்கிறது என்று எழுதிப் பார்த்தால்தான் தெளிவாகும்.

அந்தக் கதைக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. ஒருவர் மலையேறுவார். அட்டைக்கடி, மழை, காய்ச்சல். கூடவே நாலு உள்ளூர்க்காரர்கள், பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். நாட்கள் போகும், நம்பிக்கை தேயும். கடைசி நாள், கடைசி மணி நேரம், இலைகளுக்கு நடுவே ஒரு மின்னல். கை நடுங்கும். கண்ணில் நீர். உயிரினம் 'மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது'. நம் நாட்டார் கதைகளில் ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளியைத் தேடிப் போகிறானே, அதே கதை. கிளிக்குள் அரக்கனின் உயிர் இருப்பதுபோல இங்கே பறவைக்குள் தேடுகிறவரின் வாழ்க்கை அர்த்தம் இருக்கும்.

பறவையைப் பார்க்காமலே இந்த மயக்கம் வரும் என்பதற்கு ஜான் கூல்டு சாட்சி. 1851இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் அவர் வைத்த ரீங்காரச்சிட்டுக் கண்காட்சியை 75,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். அவர் அவற்றைப் பற்றி ஐந்து தொகுதிகளில் பெரும் நூலும் கொண்டுவந்தார். கண்காட்சி நடந்த வருஷம்வரை அவர் உயிருள்ள ரீங்காரச்சிட்டு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. 1857இல் பிலடெல்பியாவில்தான் முதன்முதலாகப் பார்த்தார். அத்தனை ஜொலிப்பும் தோலும் கம்பியும் பஞ்சும்.

இந்த வகையில் உச்சம் என்று சொல்லப்படுவது பீட்டர் மத்தீசனின் 'தி ஸ்னோ லெப்பர்ட்'. 1973இல் ஜார்ஜ் ஷாலரோடு நேபாளத்தின் டோல்போ பகுதிக்குப் போய்வந்து எழுதி, 1978இல் வெளியானது. அதில் பனிச்சிறுத்தையை அவர் பார்ப்பதே இல்லை. வாசகர்கள் அந்தக் காணாமையைத்தான் கொண்டாடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் கொண்டாடினேன். இப்போது திரும்பப் படிக்கும்போது எனக்கு நிற்பது சிறுத்தை அல்ல, துக்தென் என்கிற சுமைதூக்கி. மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்க்கும் அந்த மனிதனிடம் மத்தீசனுக்கு ஏதோ ஒரு ஈர்ப்பு. கடைசியில் காத்மண்டுவில் சந்திப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள், துக்தென் வருவதில்லை. புத்தகத்தில் உண்மையாகத் தொலைந்துபோவது அவன்தான் என்று நினைக்கிறேன். மத்தீசன் பெரிய எழுத்தாளர் என்பதால் அதற்கு இடம் விட்டிருக்கிறார். அவரைப் பார்த்து எழுதியவர்கள் சிறுத்தையின் இடத்தில் ஒரு பறவையையோ தவளையையோ வைத்தார்கள், ஜென் தத்துவத்தையும் எடுத்துக்கொண்டார்கள், துக்தெனை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இனி ராயப்பன்பட்டிக்கு வருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் கிழக்கு ஓரம், சண்முகாநதி அணைக்குப் பக்கம். எங்களுக்குச் சூரியன் மேகமலைக்குப் பின்னாலிருந்துதான் ஏறும். மேகமலை என்பது இப்போது எல்லோர் வாயிலும் புழங்குகிற பெயர். பழைய ஆட்கள் பச்சக்கூமாச்சி என்பார்கள். தேயிலை போட வந்த வெள்ளைக்காரர்கள் ஹைவேவி என்றார்கள், அது ஹைவேவிஸ் என்று பேரூராட்சிப் பெயராகவே நிலைத்துவிட்டது. ஒரே மலைக்கு மூன்று சீட்டு.

அந்த மலையில் ஆங்கஸ் ஹட்டன் என்கிற தோட்ட அதிகாரி இருந்தார். இயற்கை ஆய்வு அவருக்குப் பொழுதுபோக்கு. ஹைவேவி மலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றி 1949இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் குறிப்புகள் எழுதினார். இன்றைக்கும் மேகமலை விலங்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தொட்டே ஆகவேண்டிய குறிப்புகள். 1948இல் அவர் அங்கே பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால் பம்பாய்த் தொகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் ஒட்டப்பட்ட பெயர் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால். இந்தியா முழுக்க வாழைத்தோப்பிலும் பனைமரத்திலும் தொங்குகிற மிகச் சாதாரணமான இனம். இழுப்பறை மூடப்பட்டது.

24 வருஷம் கழித்து, கித்தி தொங்லொங்யா என்கிற தாய்லாந்து விலங்கியலாளர் அந்த மாதிரியை மறுபடி ஆராய்ந்தார். வால் இல்லை. முன்பற்கள் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி, அவ்வளவுதான். அது குறுமூக்கு வௌவாலே இல்லை. புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம். 1972இல் அதே பம்பாய் இதழில் அதை விவரித்து, லாட்டிடென்ஸ் சலீமலியை என்று சலீம் அலியின் பெயரை வைத்தார். உலகத்தின் மிக அரிய வௌவால்களில் ஒன்று. எங்கள் ஊர் மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற மலையிலிருந்து போனது.

பிறகு வழக்கமான கதை தொடங்கியது. 'காணாமல்போன' அந்த வௌவாலைத் தேடி 1993இல் பம்பாய்க் கழகத்தாரும் இங்கிலாந்தின் ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகத்தாரும் மேகமலைக்கு வந்தார்கள். வலை கட்டினார்கள், கிடைத்தது. 'மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது'.

எனக்கு இடிக்கிற இடம் இதுதான். அந்த வௌவால் எங்கே தொலைந்தது? 1948க்கும் 1993க்கும் நடுவில் அது பாட்டுக்கு அத்திப்பழம் தேடி ஒவ்வொரு ராத்திரியும் பறந்துகொண்டுதான் இருந்தது. ஏலத்தோட்டத்திலும் காப்பித்தோட்டத்திலும் ராக்காவல் இருந்தவர்கள் தலைக்குமேல் பறந்திருக்கிறது. அது தொலைந்தது பம்பாயில், ஒரு இழுப்பறையில், ஒரு சீட்டுக்கு அடியில். கண்டுபிடிக்கப்பட்டதும் அங்கேதான். ஆனால் கதையாகச் சொல்லும்போது எல்லோரும் காட்டைத்தான் சொல்வார்கள். இழுப்பறையைத் திறந்து பல்லை எண்ணிப் பார்ப்பதில் என்ன சாகசம் இருக்கிறது?

நான் பிழைப்புக்கு டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவன். அங்கே ஒரு ரெக்கார்ட் அழிந்துபோவது அபூர்வம். அழிந்தால் பேக்கப் இருக்கும், அலாரம் அடிக்கும், நாலு பேர் ராத்திரியில் எழுந்து உட்காருவார்கள். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தப்பான வகையின்கீழ் சேமிக்கப்பட்ட ரெக்கார்ட். அது இருக்கும், எண்ணிக்கையில் சேரும், எந்தத் தேடலிலும் வராது. யாருக்கும் குறை தெரியாததால் யாரும் தேடவும் மாட்டார்கள். ஹட்டனின் வௌவால் 24 வருஷம் இருந்த நிலை அதுதான். இந்த அனுபவம் இருப்பதால்தானோ என்னவோ, மலையேறுகிறவரைவிடச் சீட்டைச் சந்தேகப்பட்டவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

கித்தியைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும், எந்த நாவலாசிரியனும் இப்படி அமைக்கத் துணியமாட்டான். தாய்லாந்தின் புவெங் போராபெட் ஏரியில் தகைவிலான்களோடு பிடிபட்ட ஒரு பறவையை வெண்கண் ஆற்றுத்தகைவிலான் என்று 1968இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். ஏரியில் வலைபோட்டுப் பறவை பிடித்து விற்கிற உள்ளூர்க்காரர்கள் கையிலிருந்து வந்தது அது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அது கண்ணிலிருந்து மறைந்தது, இன்றுவரை உறுதியான பதிவு கிடையாது. தொலைந்த பறவைகளைத் தேடுகிறவர்களின் பட்டியலில் இன்றைக்கு அதுவும் இருக்கிறது. 1973இல் உலகத்திலேயே மிகச் சின்ன வௌவாலைக் கண்டெடுத்து, அதை விவரித்து எழுதுவதற்கு முன்பே, 1974இல் இறந்துபோனார். அந்த வௌவாலுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இவரைப் பற்றி ஒரு முழு வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.

சீட்டு பொய்யாகவும் இருக்கலாம். காட்டுச் சிற்றாந்தையின் கதை அப்படி. 1880களுக்குப் பிறகு மத்திய இந்தியாவில் அந்த ஆந்தையை யாரும் பார்க்கவில்லை. 1914இல் குஜராத்தின் மாண்டவியில் பிடித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் ஒரு மாதிரியை வைத்திருந்தார். அவர் பெரிய படைவீரர், பெரிய பறவையியலாளர், பெரிய திருடர். மூன்றும் உண்மை. அருங்காட்சியகங்களிலிருந்து மற்றவர்கள் சேகரித்த பறவைகளைத் தூக்கிவந்து, பஞ்சை மாற்றித் தைத்து, இடமும் தேதியும் புதிதாக எழுதி ஒட்டிவிடுவார். மாண்டவி ஆந்தை உண்மையில் ஜேம்ஸ் டேவிட்சன் 1880களில் பிடித்தது. பமிலா ராஸ்முசென் இதைத் தையலையும் பஞ்சையும் வைத்தே கண்டுபிடித்து, மாண்டவியை ஒதுக்கிவிட்டு, நம்பத்தகுந்த பழைய சீட்டுகள் காட்டிய இடங்களில் தேடினார். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தில் ஷஹாதாவுக்குப் பக்கத்துக் காட்டில், காலை வெளிச்சத்தில் ஒரு மொட்டைக் கிளையில் உட்கார்ந்திருந்தது ஆந்தை. இந்தக் கதையிலும் மலை இருக்கிறது, கடைசி நிமிஷ மின்னல் இருக்கிறது. ஆனால் திருப்பம் நடந்தது இங்கிலாந்தில், ஒரு மேஜையில், நூல் எந்த மாதிரித் தைக்கப்பட்டிருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்த நேரத்தில். தேடல் எழுத்தில் நான் கேட்பது இந்த மேஜையைத்தான்.

மூன்றாவது கதை நமக்கு இன்னும் பக்கம். ஜெர்டானின் ஓடுகுருவி, ஆந்திராவின் முட்புதர்க்காட்டுப் பறவை, ராத்திரி நடமாட்டம். 1900க்குப் பிறகு பதிவு இல்லை, அழிந்துவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். 1986 ஜனவரியில் கடப்பைப் பக்கம் லங்கமலைக் காட்டோரத்தில் கிடைத்தது. பம்பாய்க் கழகத்தின் பரத் பூஷன் மீண்டும் கண்டுபிடித்தார் என்பது பதிவு. சில இடங்களில் கூடவே ஐதன்னா என்ற பெயரும் வரும், பல இடங்களில் 'உள்ளூர் வேட்டைக்காரர்' என்பதோடு சரி. விளக்கொளியில் அதை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்தவர் அவர். அந்தப் பறவைக்குத் தெலுங்கில் கலிவிகோடி என்று பெயர் உண்டு. கலிவி என்பது நம் களாச்செடி. களாப்புதரில் இருக்கிற கோழி. 86 வருஷம் அறிவியல் அதைப் பார்க்கவில்லை, ஆனால் அந்தப் பறவைக்குப் பெயரும் முகவரியும் அந்த ஒரே சொல்லில் இருந்தன.

அதற்கப்புறம் நடந்ததுதான் கதைகளில் வராத பகுதி. 2000களில் அங்கே களப்பணி செய்தவர்களில் ப. ஜெகநாதனும் ஒருவர். தமிழில் இயற்கை எழுத்து படிக்கிறவர்களுக்கு அவர் பெயர் தெரியும். மண்ணைச் சலித்துப் பாதையில் பரப்பி, ராத்திரி எந்தக் கால்தடம் விழுகிறது என்று காலையில் குனிந்து பார்க்கிற வேலை. தானியங்கிக் கேமரா வைக்கிற வேலை. மின்னலே இல்லாத தேடல். 2005இல் தெலுகு கங்கைத் திட்டத்தின் கால்வாய்ப் பணி அந்தப் புதர்க்காட்டுக்குள் புகுந்தது. ஆய்வாளர்களும் கழகமும் போராடி, கால்வாயின் பாதையை மாற்ற வைத்தார்கள். தெலுகு கங்கை என்பது சென்னைக்குக் கிருஷ்ணா நதித் தண்ணீர் கொண்டுவருகிற திட்டம். சென்னையில் வேலை பார்க்கிற நான் குடிக்கிற தண்ணீருக்கும் அந்தப் பறவைக்கும் இப்படி ஒரு சம்பந்தம். லங்கமலைக்குப் போய் முட்டிபோட்டு அழுகிற கட்டுரையை என்னாலும் எழுதிவிட முடியும். குழாயைத் திறந்துவிட்டு எழுதவேண்டிய கட்டுரை கஷ்டம்.

சரி, தேடல் கதை ஒரு பக்கத்தைக் காட்டுவதில்லை, அதனால் என்ன குடிமுழுகிப்போச்சு என்று கேட்கலாம். கொஞ்சம் முழுகியிருக்கிறது.

1972 என்று சொன்னேன் அல்லவா. கித்தியின் கட்டுரை வந்த அதே வருஷம்தான் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று உண்டு, தொல்லை விலங்குகள். காக்கை, எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால். இவற்றைக் கொல்லத் தடை இல்லை. பின்னாளில் சலீம் அலி வௌவாலை மட்டும் முதல் அட்டவணைக்குத் தூக்கினார்கள், புலியும் யானையும் இருக்கிற இடத்துக்கு. ஒரே குடும்பத்தில் ஒருவர் மேல்தட்டில், மற்றவர்கள் எலியோடு. 2022 திருத்தத்தில்தான் அந்தத் தொல்லை அட்டவணை நீக்கப்பட்டது. ஐம்பது வருஷம். அரியது என்பது இலக்கியத்தில் ஒரு மதிப்பாக இருந்து, அப்படியே சட்டத்துக்கும் வந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். ஆனால் எந்த உயிருக்காக யார் அழுதார்கள், எதைப் பற்றிக் கதை சொன்னார்கள் என்பதற்கும் அந்த உயிர் எந்த அட்டவணையில் விழுந்தது என்பதற்கும் தொடர்பே இல்லை என்று என்னால் நம்பமுடியவில்லை.

ராயப்பன்பட்டி பக்கம் முழுக்கத் திராட்சைக் கொடி. கம்பம் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. பழம் பழுக்கிற நேரத்தில் குறுமூக்கு வௌவால் வரும். பந்தலுக்கு மேலும் பக்கவாட்டிலும் வலை கட்டுவார்கள். விடிகாலையில் அதில் சிக்கித் தொங்கும். என் தாய்மாமாவுக்கு அங்கே கொஞ்சம் தோட்டம். மேகமலை வௌவால் கதையை அவரிடம் ஒருதடவை உற்சாகமாகச் சொன்னேன். மலையைக் காட்டி, அங்க இருக்கிற வௌவால் உலகத்திலேயே அபூர்வம் மாமா, புலிக்குச் சமமான பாதுகாப்பு என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி மாப்ள. மேல இருக்கிறது புலின்னா, இங்கன வந்து தொங்குறது என்னா?"

"இது சாதாரண வௌவால்தான் மாமா. எங்க பாத்தாலும் இருக்கும்."

"எங்க பாத்தாலும் இருந்தா சாதாரணமா? அப்பப் பாத்தா நாமளுந்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வலையின் முடிச்சை அவிழ்த்தார்.

மாமா வௌவால் பிரியர் கிடையாது. ஒரு கொத்து போனால் கணக்குப் பார்க்கிறவர். ஆனால் அவர் கேட்டதைத்தான் இந்த வகை எழுத்து கேட்கவே கேட்காது. எங்கும் இருப்பதைப் பற்றி என்ன எழுதுவது என்று அதற்குத் தெரியாது.

தமிழில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு, மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 தொடங்கி 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை பத்தி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். யானைகளைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர், காக்கையையும் அணிலையும் பல்லியையும் அதே கவனத்தோடு எழுதினார். அவர் கட்டுரைகளில் மூச்சுவாங்கல் கிடையாது. பார்த்ததைச் சொல்வார், அதிலிருந்து எவ்வளவு சொல்லமுடியுமோ அவ்வளவுதான் சொல்வார், நிறுத்திவிடுவார். சில சமயம் அந்தக் கறார்த்தனம் வறட்சியாகவும் இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய ஆங்கிலத்தில் இருக்கிற கேலி தமிழில் அவ்வளவு இறங்கவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் ஒரு உயிரைப் பற்றி எழுத அது அரிதாக இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை அவர் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பிறகு வந்த நம் எழுத்தில், அதிலும் கேமரா மலிந்த பிறகு வந்த எழுத்தில், அந்த நிபந்தனை மெல்ல நுழைந்துவிட்டது. பறவை நோக்கும் செயலியில் அரிய பறவையைப் பதிந்தால் தனியாகக் கொடி காட்டும், மற்றவர்களுக்கு அலர்ட் போகும். அலர்ட் வந்ததும் நாலு கார் கிளம்பும். திரும்பி வந்து எழுதுகிற கட்டுரைகளில் பாதி அந்த அலர்ட்டின் விரிவாக்கம்தான். நானும் அப்படிப்பட்ட கார்களில் போயிருக்கிறேன், அடுத்த அலர்ட்டுக்கும் போவேன். அந்த மகிழ்ச்சி உண்மையானது. அதை மட்டுமே இயற்கை எழுத்து என்று வைத்துக்கொள்வதில்தான் எனக்குச் சண்டை.

சாந்தா மார்த்தா ரீங்காரச்சிட்டுக்கும் அடுத்து என்ன ஆனது என்று தேடிப் படித்தேன். படம் வந்தபோது இருந்த ஆரவாரத்தில் கால்வாசிகூட அந்தத் தொடர்ச்சிக்கு இல்லை. ஆய்வாளர்கள் மலையின் தென்கிழக்குச் சரிவில், குவாத்தபூரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் பழங்குடிச் சமூகங்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அந்தப் பறவை அந்தச் சிறு பகுதியில், நடு உயரத்தில், ஓடைகளை ஒட்டி நிலையாகவே வாழ்கிறது என்று தெரிந்தது. பழைய பதிவுகளைத் தோண்டியபோது, வேறு இடங்களில் பார்த்ததாகச் சொல்லப்பட்டவற்றில் தோற்றத்தில் நெருங்கிய இன்னொரு சேபர்விங்கோடு குழப்பிக்கொண்டது இருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. மறுபடியும் சீட்டு. எனக்கு இந்தத் தொடர்ச்சிதான் படத்தைவிடச் சுவாரசியம்.

மேகமலைக்கும் அப்படி ஒரு தொடர்ச்சி இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாரிமுத்துவும் அவருடைய மாணவர் சிங்காரவேலனும் பல வருஷம் வௌவால்களோடு கிடந்தார்கள். சலீம் அலி வௌவால் பகலில் எங்கே தங்குகிறது என்பது தெரியாமலிருந்தது. அது ஒரு குகையில் தங்குவதைக் கண்டு 2003இல் எழுதினார்கள். பல்லை எண்ணி அடையாளம் கண்ட உயிருக்கு, பிடிபட்டு ஐம்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு வீட்டு முகவரி கிடைத்தது. சாதாரண ஆராய்ச்சிக் கட்டுரை நடைதான். ஆனால் படித்தால் அதில் ஒரு காத்திருத்தல் தெரியும். ராத்திரி முழுக்க வலைப்பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு அவசரமின்மை.

அதே இருவர் அடுத்த வருஷம் எழுதிய இன்னொரு கட்டுரையைத்தான் நான் மாமாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அது அரிய வௌவாலைப் பற்றியதல்ல. இலவம் மரத்தைப் பற்றியது. தேனி மாவட்டத்தில் இலவம்பஞ்சு என்றால் போடி, வருசநாடு, கடமலைக்குண்டு என்று ஒரு பெரிய பிழைப்பு. தை, மாசியில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கிற மரத்தில் பூக்கும். பொழுது சாய்ந்ததும் பூ விரிந்து தேன் சுரக்கும். பகலில் தேன்சிட்டும் தேனீயும் மிச்சம் மீதியைத்தான் பார்க்கும். ராத்திரியில் அந்தத் தேனைக் குடித்து, நெஞ்சு முடியிலும் முகத்திலும் மகரந்தத்தை அப்பிக்கொண்டு மரத்துக்கு மரம் போவது பழந்தின்னி வௌவால்கள். அதில் முக்கியமான ஒன்று, திராட்சைப் பந்தல் வலையில் விடிகாலையில் தொங்குகிற அதே குறுமூக்கு வௌவால். ரீங்காரச்சிட்டு இல்லாத ஊரில், இருட்டில், அந்த வேலையை அதுதான் பார்க்கிறது. சித்திரையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது போடி ரோட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும்.